தாங்கிக்கொள்ளும் உயிர்

பவளம் என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. நவமணிகளுள் ஒன்றாக அதனை எண்ணினர்; பெண்மகவுக்குப் பவளக்கொடி என்றும் பவளம்மாள் என்றும் பெயரிட்டனர்; செவ்வாய்க்கு உரிய கல்லென்று மோதிரத்தில் பதித்தனர். துகிர் என்னும் பழம்பெயரோடு அது பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்த வணிகப் பொருள்களுள் ஒன்றாக இடம்பெறுகிறது. இத்தனை நெருக்கம் இருந்தும், தமிழர் அறிந்த பவளம் பெரும்பாலும் உயிர் நீங்கிய பவளமே ஆகும். அது கல்லா, செடியா, விலங்கா என்று வகுப்பில் வினவினால் மாணவர் மட்டுமல்லர், ஆசிரியரும் சற்றுத் தயங்குவர்.

இன்று அந்தப் பவளம் உயிரோடு வீட்டுக் கூடத்திற்கு வருகிறது. கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, விளக்கிட்டு, பவளத்தை வளர்க்கும் பழக்கம் மலேசிய நகரங்களில் பரவியுள்ளது. கடலை ஒருநாளும் கண்ணால் காணாத மேட்டுநிலத்திலும் அந்த ஆசை எழக்கூடியதே. கேமரன் மலையில், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவிற்கு அருகே, தேயிலைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். ஊதியம் அளவானது. வீட்டில் மூத்தோரும் பிள்ளைகளும் உள்ளனர். எனினும் மூடுபனி சூழ்ந்த அம்மலையில், தம் வீட்டுக்குள் கடலின் ஒரு துளியை வைத்துக்கொள்ள அவர் விரும்புகிறார். கையிலுள்ள சிறு தொகைக்கு எந்தப் பவளத்தை வாங்கலாம் என்று கடைக்காரரைக் கேட்கிறார். கடைக்காரர் சில வகைகளைக் காட்டி, “இவை புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றவை” என்கிறார்.

இந்த விடை வணிக விடையாகவே தோன்றும். ஆயினும் அதற்குள் ஓர் அறவினா அடங்கியிருக்கிறது. ஏற்றவை என்றால் எவ்வாறு ஏற்றவை? யாருக்கு ஏற்றவை?

முதலில் பவளம் இன்னதென்று அறிதல் வேண்டும். அது விலங்கு. கடற்சாமந்திக்கு உறவான, வாயும் வயிறும் உணர்கொம்புகளும் உடைய பாலிப் என்னும் சிற்றுயிர் பல்லாயிரம் சேர்ந்து ஓர் உடலாய் வாழ்வதே பெரும்பாலான பவளம். கல் பவளங்கள் கடல்நீரிலுள்ள சுண்ணச்சத்தை ஈர்த்துத் தமக்கு அடியில் கல்லாகக் கட்டிக்கொள்கின்றன. மென் பவளங்களுக்கு அத்தகைய கல் இல்லை. ஆழமற்ற கடலில் வாழும் பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி ஒளியைக் கொண்டு உணவாக்கிப் பவளத்துக்குத் தருகிறது. பவளம் பாசிக்கு இடமும் எருவும் தருகிறது. நீரின் வெப்பம் பல நாள் மிகுந்தால் இவ்வுறவு முறிகிறது. பாசி நீங்கிப் பவளம் வெளுக்கிறது. வெளுத்த பவளம் உடனே இறப்பதில்லை, பட்டினியில் காத்திருக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும், தணியாவிடில் மடியும். 2010-ஆம் ஆண்டில் இவ்வாறு வெளுத்தல் நேர்ந்தபோது, தியோமான் உள்ளிட்ட தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை மலேசிய அரசு சில திங்கள் மூடி வைத்தது.

அத்தகைய உயிரை மலைமேல் வைத்துக் காப்பது எங்ஙனம்? இங்கு இயற்கை கிராணிக்கு ஒரு சலுகை அளிக்கிறது. தொட்டிநீர் 24 முதல் 27 பாகை வரை இருத்தல் வேண்டும். கிள்ளானிலோ ஈப்போவிலோ பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவதால், பவளம் வளர்ப்போர் நீரைக் குளிர்விக்கும் கருவி வாங்க நேர்கிறது. அதன் விலை பலவேளை தொட்டியின் விலையை விஞ்சிவிடும். மலையில் இரவில் குளிர் 15 பாகை அளவுக்கு இறங்குகிறது. ஆதலால் இங்கு வேண்டுவது நீரைச் சூடேற்றும் கருவி, அது மலிவானது. 60 லிட்டர் தொட்டிக்கு 100 வாட் போதும். அதனையும் ஒன்றாக வாங்காமல் 50 வாட் கருவி இரண்டாக வாங்குவதே அறிவுடைமை. ஒன்று பழுதாகி அணையாமல் எரிந்துகொண்டேயிருந்தாலும் நீர் கொதிநிலைக்கு நெருங்காது. ஒன்று எரியாமல் நின்றாலும் மற்றொன்று நீரை ஓரளவு காக்கும். உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வேண்டும். 60 லிட்டருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 210 கிராம். இவை ஒரு சிறு ஊதியத்துக்கு அடங்கும் செலவுகளே. நீர்தான் கவலைக்குரியது. காய்கறித் தோட்டங்களின் உரமும் பூச்சிமருந்தும் கலக்கும் ஓடைநீர் உதவாது; குழாய்நீரிலுள்ள குளோரினும் ஆகாது. நன்கு வடிகட்டிய நீரே வேண்டும்.

இவையனைத்தினும் விலை குறைந்ததும் அரியதுமான ஒன்றுண்டு. அது காத்திருத்தல். புதிய தொட்டியில் கழிவுகளிலிருந்து அமோனியா பிறக்கும், அது நச்சு. அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை தொட்டியில் பார்க்க ஒன்றுமிராது. நீரும் கல்லும் விளக்குமாக ஒரு வெறும் பெட்டியை ஒன்றரைத் திங்கள் பார்த்துக்கொண்டிருக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? பவளம் வளர்ப்பில் நேரும் முதற்பிழைகளுள் பல அறியாமையால் அன்றி, இப்பொறுமையின்மையாலேயே நேர்கின்றன.

இனிக் கடைக்காரர் காட்டிய வகைகளுக்கு வருவோம். காளான் பவளம் ஒன்று. அறிவியலார் அதனை மெய்ப்பவளத்தினின்று சற்றுப் பிரித்து, அதன் நெருங்கிய உறவாக வைப்பர். அதற்கு மிகுந்த ஒளி வேண்டா. விரைந்த நீரோட்டம் வேண்டா. நீரில் சிறிது கழிவு தேங்கினாலும் பொறுக்கும். தானே பிளந்து பெருகும். பச்சை விண்மீன் பவளம் என்பது புல்லைப்போல் பரவுவது. தனிக்கல்லில் வைக்காவிடில் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். பொத்தான் பவளம் வண்ணத்தால் கண்ணைக் கவரும். விலையும் பல வேளை குறைவு. ஆனால் அவ்வினத்தில் சில, பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உடையவை. 1971-இல் ஹவாய்த் தீவில் கிடைத்த ஓரினத்திலிருந்து அந்நஞ்சு முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டது. கையுறையின்றி அதனை வெட்டுவதும், அது ஒட்டிய கல்லைத் தூய்மை செய்வதாக எண்ணிக் கொதிநீரில் இடுவதும் வீட்டாரின் உயிருக்கே ஊறு செய்யலாம். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில், தொடங்குவோருக்கு ஏற்றது என்னும் பட்டியலில் இதனைச் சேர்ப்பது தகுமா என்பதைக் கடைகள் எண்ணிப்பார்த்தல் நன்று.

தோல் பவளம் என்னும் மென் பவளமே இவற்றுள் சிறந்த ஆசிரியர் எனலாம். குடைவிரித்தாற்போல் நிற்கும் அது, திடீரென்று ஒருநாள் கொம்புகளையெல்லாம் உள்ளிழுத்துச் சுருங்கும். மேலே மெழுகு படர்ந்தாற்போல் ஒரு படலம் தோன்றும். சில நாள், சில வேளை ஒரு வாரத்துக்கு மேலும், பிணம்போல் நிற்கும். பின்னர் அப்படலம் உரிந்து நீரோடு செல்ல, முன்னினும் பொலிவாய் விரியும். அது தன் மேற்புறத்தைத் தூய்மை செய்துகொள்ளும் முறை. இதனை அறியாத புதியவர் இறந்ததென்று கருதி உயிருள்ளதை எறிந்துவிடுவதுண்டு.

இதற்கு எதிர்நிலையில் வைத்து எண்ணத்தக்கது கோனியோபோரா. பூத்தொட்டிபோல் நூற்றுக்கணக்கான மலர்கள் அசைந்தாடும் பவளம் அது. கடலிலிருந்து மிகுதியாக எடுக்கப்பட்டு, எளிய விலைக்கு நெடுங்காலம் விற்கப்பட்டது. வாங்கிய முதல் சில திங்கள் அதைப்போல் அழகு தருவது வேறில்லை. பின்னர் மலர்கள் ஒவ்வொன்றாய்க் குறுகும். பெரும்பாலானவை ஓராண்டுக்குள் முடிந்துபோயின. அது வந்த நாளிலிருந்தே பட்டினியில் தேய்ந்துகொண்டிருந்தது என்பது பின்னரே விளங்கிற்று. அறுத்த பூவைக் குவளையில் வைத்தாற்போல் அதனை வாங்கி வைத்தனர். அண்மைக் காலத்தில் அதன் உணவுத்தேவை மேலும் தெளிவாகித் தொட்டியிலேயே வளர்த்த துண்டுகள் ஓரளவு நிலைக்கின்றன. ஆயினும் அந்த அறிவு எத்தனை உயிர்களைத் தேய்த்துப் பெற்றது!

குறைந்த விலை, எளிய பராமரிப்பு என்னும் இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கோனியோபோரா காட்டுகிறது. ஆனால் மெய்யான சிக்கல் அதில் இல்லை. காளான் பவளத்திலும் தோல் பவளத்திலுமே இருக்கிறது. அவற்றை ஏற்றவை என்று சொல்வதன் காரணம் யாது? உப்பளவு சற்றுக் கூடினாலும், விளக்கு குறைந்தாலும், நீர் மாற்ற மறந்தாலும் அவை பொறுத்துக்கொள்கின்றன. தொடங்குவோருக்கு ஏற்றது என்னும் தொடரின் பொருளை விரித்தால், தொடங்குவோரின் தவற்றைத் தாங்கக்கூடியது என்பதே கிடைக்கும். தாங்கும் ஆற்றல் அதன் நற்பண்பு. அதனையே காரணமாக்கி, தாங்கவேண்டிய நிலையில் அதனை வைக்கலாமா?

கேமரன் மலையின் தமிழர் இந்த வினாவை எளிதில் கடந்துவிட இயலாது. 1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்த இம்மலையில், 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. காட்டை வெட்டி மேடு திருத்திக் கன்று நட்டவருள் தென்னிந்தியத் தொழிலாளர் முதன்மையானவர். மலாயாவின் வெள்ளைத் தோட்ட முதலாளிகள் தென்னிந்தியரை விரும்பி வரவழைத்ததன் காரணம் வரலாற்று நூல்களில் மறைவின்றிப் பதிவாகியுள்ளது: அவர்கள் அடக்கமானவர்கள், குறைந்த கூலிக்கு இசைபவர்கள், வெயிலையும் மழையையும் பொறுப்பவர்கள். அதாவது, தாங்கிக்கொள்பவர்கள். லயத்து வீட்டின் ஓர் அறையில் ஒரு குடும்பம் அடங்கியதும், மருந்தின்றிப் பிள்ளைகள் மடிந்ததும் அந்தப் பாராட்டுரையின் மறுபக்கம். 1938-இல் இந்திய அரசு அத்தகைய தொழிலாளர் அனுப்புதலைத் தடைசெய்யும்வரை ஆள்கள் வந்துகொண்டிருந்தனர். இன்று அதே மேடுகளில் கொழுந்து அறுப்போர் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களைப் பற்றியும் அதே சொற்களே சொல்லப்படுவதைக் கேட்கலாம்.

மனிதரைப் பவளத்தோடு ஒப்பிட்டு இழிவு செய்வதாக இதனைக் கொள்ளலாகாது. பவளத்துக்கு மூளையில்லை, நரம்புகளின் ஓர் எளிய வலையே உண்டு. அது துன்புறுகிறது என்று துணிந்து கூறுவதற்குச் சான்று போதாது. இவ்வொப்புமை தேர்ந்தெடுக்கப்பட்டவரைப் பற்றியதன்று; தேர்ந்தெடுத்தவரின் மனத்தைப் பற்றியது. ‘இது பொறுத்துக்கொள்ளும்’ என்று எண்ணத் தொடங்கும் மனம், பொறுத்துக்கொள்வதன் எல்லையைப் பார்ப்பதை விட்டுவிடுகிறது. மென்மையான கொம்புப் பவளம் நீர் கெட்டால் ஓரிரு நாளில் சதை உரிந்து இறந்து, வளர்ப்பவரின் தவற்றை வெளிப்படையாகச் சொல்லிவிடும். காளான் பவளம் சொல்லாது. சுருங்கும், நிறம் மங்கும், சிறுத்துச் சிறுத்து ஆறு திங்கள் கழித்து மறையும். வளர்ப்பவர் தம்மால் அது மறைந்தது என்றே அறியமாட்டார். எளிதில் சாகாத உயிரின்மேல் இழைக்கும் தவறுதான் நெடுநாள் இழைக்கப்படுகிறது.

இதற்கு ஒரு மறுப்புண்டு, அது வலிமையானதுதான். எக்கலையும் யாரோ ஒருவர்மேல் கற்கப்படுகிறது. பயிற்சி மருத்துவரின் முதல் ஊசி ஒரு நோயாளியின் கையில்தான் ஏறுகிறது. பயிற்சி ஆசிரியரின் முதல் பாடம் உயிருள்ள பிள்ளைகளின்முன்தான் நடக்கிறது. அன்று தவறாகச் சொல்லப்பட்ட கணக்கை அப்பிள்ளைகள் தவறாகவே ஏற்கின்றனர். பிழையே செய்யாமல் கற்றவர் எவருமில்லை. ஆதலால், தவற்றைத் தாங்கும் உயிரை முதலில் தேர்வதே இரக்கமுள்ள தேர்வு. தாங்காததை முதலில் வாங்குவதுதான் கொடுமை என்பர்.

இது உண்மையே. ஆனால் ஆசிரியப் பயிற்சியில் புதியவரைத் தனியே விடுவதில்லை என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். பாடக்குறிப்பு முன்னதாக எழுதப்பட்டுத் திருத்தப்படுகிறது. வகுப்பின் பின்வரிசையில் மூத்த ஆசிரியர் அமர்ந்திருக்கிறார். தவறு அன்றே சுட்டப்படுகிறது. பிள்ளைகள் பொறுமையானவர்கள் என்பதற்காகப் பயிற்சி ஆசிரியர் ஆயத்தமின்றி வகுப்புக்குள் நுழைய எந்தக் கல்லூரியும் இசைவதில்லை. ஆயத்தத்துக்குப் பின்னும் எஞ்சும் பிழைக்கே அங்கு மன்னிப்பு. பவளம் வளர்ப்பவருக்குப் பின்வரிசை ஆசிரியர் இல்லை. உப்பளவு காட்டும் கருவியும், வெப்பமானியும், நாள்தோறும் எழுதும் குறிப்பேடுமே அவருக்கு அந்த இடத்தில் இருப்பவை. சிறு தொகையில் முதலில் ஒதுக்கவேண்டிய பங்கு அவற்றுக்கே. இரண்டாவது பவளத்தைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலோர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றனர்.

மற்றொரு வினாவும் எஞ்சுகிறது. அப்பவளம் எங்கிருந்து வந்தது?

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் கேமரன் மலை. தென்கிழக்கே கடலுக்குள் தியோமான் தீவு. ஒரே மாநிலத்தின் இரு முனைகள். தியோமானைச் சூழ்ந்த கடல் 1994-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி அவ்வெல்லைக்குள் பவளத்தை எடுப்பதும் சிதைப்பதும் குற்றமாகும். தமிழகத்தின் தூத்துக்குடிக் கடலோரத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக்கல்லைப் பல்லாண்டு வெட்டியெடுத்தனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் அமிழ்ந்துபோயின. கரையைக் காக்கும் பாறை வெட்டப்பட்டது அதற்குக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 2001-இல் இந்தியா, கல் பவளங்களை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடு ஒருங்கு வைத்தது. அன்று கல் வெட்டியவர் செல்வரல்லர். அவரும் சிறு தொகைக்காக உழைத்த எளியவரே. வறுமையைக் காட்டி ஒரு செயலை முற்றும் பழிப்பதும் முற்றும் மன்னிப்பதும் எளிது. இரண்டும் அந்த மீனவரின் நிலையை அறியாதார் செய்வன.

உலக வணிகத்துக்குப் பவளம் அனுப்பும் நாடுகளுள் இந்தோனேசியா தலையாயது. 2018-இல் அந்நாடு ஏற்றுமதியை நிறுத்தியது. 2020-இல், கடலில் சட்டங்கள் அமைத்துத் துண்டுகளிலிருந்து வளர்த்த பவளத்துக்கு மட்டும் மீண்டும் வழிவிட்டது. இந்தத் துண்டு முறையைத் தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதேயில்லை. தேயிலைத் தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் கணுவும் கூடிய சிறு தண்டை வெட்டி, மண் நிரப்பிய பையில் நட்டு, நிழலில் வேர்விடச் செய்வது அவர்கள் தலைமுறைகளாகக் கண்ட வேலை. தோல் பவளத்தின் ஓரத்தைக் கூரிய கத்தியால் அரிந்து ஒரு சிறு கல்லோடு பிணைத்து வைத்தால், சில வாரங்களில் அது கல்லைப் பற்றிக்கொண்டு தனியுயிராகும். தாயும் சாவதில்லை, சேயும் சாவதில்லை. கவாத்து செய்த செடிபோல் தாய்ப்பவளம் மீண்டும் தழைக்கும்.

இங்கு ஏழ்மை ஒரு நன்மையைச் செய்கிறது என்று சொல்லத் தோன்றும். கடலிலிருந்து எடுத்த பெரிய பவளத்தின் விலை கிராணிக்கு எட்டாது. மற்றொருவர் தொட்டியில் வளர்ந்த சிறு துண்டே எட்டும். அத்துண்டு கடலுக்கு இழப்பில்லாதது; தொட்டிநீரில் பழகியது; ஆதலால் பிழைப்பதும் மிகுதி. பைக்கு அடங்குவதும் மனச்சான்றுக்கு அடங்குவதும் இந்த ஒரிடத்தில் ஒன்றாகின்றன. ஆயின் எப்போதும் அப்படி அமைவதில்லை. சில கடைகளில் கடலிலிருந்து வந்த துண்டே மலிவாகக் கிடைப்பதுண்டு. அதன் பிறப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விலையை மட்டும் கேட்பவர், கோனியோபோராவை வாங்கியவரின் வரிசையில்தான் நிற்கிறார்.

இத்தனையும் ஆய்ந்தபின், வாங்காமலே இருப்பதுதான் நேரிது அன்றோ என்று ஒரு மாணவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். கடலில் பவளம் அழிவது பெரிதும் தொட்டி வளர்ப்போரால் அன்று. கடல் சூடேறுவதாலும், மலைச்சரிவிலிருந்து மண் கரைந்து ஆற்றோடு சென்று கடலோரத்தை மூடுவதாலும் அழிகிறது. கேமரன் மலையின் மண்சரிவும், ரிங்லெட் ஏரியில் ஆண்டாண்டாய்ப் படியும் சேறும் இம்மலையார் அறிந்தவை. பவளம் வாங்காத ஒருவர் சரிவில் காட்டை வெட்டிக்கொண்டிருந்தால் அவர் கைகள் தூயவை ஆகா. அதேவேளை, ஓர் உயிரை அருகிருந்து பார்த்தவரே அதன் வீட்டைப் பற்றி எண்ணத் தொடங்குவர் என்பதும் மறுக்கத்தக்கதன்று. தியோமானைக் காண மலையின் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. பள்ளியின் அறிவியல் அறையில் நன்கு பேணப்பட்ட ஒரு சிறு தொட்டி, பவளம் கல்லன்று என்பதை எந்தப் பாடநூலினும் தெளிவாகச் சொல்லும். பேணப்படாத தொட்டி அதனினும் தெளிவாக வேறொன்றைச் சொல்லும். பிள்ளைகள் அதனையும் கற்றுக்கொள்வர்.

கிராணி வீட்டுத் தொட்டியில் தோல் பவளம் சுருங்கி ஐந்து நாளாகிறது என்று கொள்வோம். வெளியே மழை, சூடேற்றும் கருவிகளின் சிவப்பு விளக்குகள் இரண்டும் எரிகின்றன. குறிப்பேட்டில் உப்பளவும் வெப்பமும் நேற்றுப்போலவே பதிவாகியுள்ளன. வீட்டார் அதனை எடுத்தெறியச் சொல்கின்றனர். அவர் எறியவில்லை. ஓராண்டு கழித்து அது ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து அண்டைக் கல்லில் நிழல் விழுத்தும்போது, அரிந்து ஒரு துண்டை யாருக்கேனும் கொடுக்கவேண்டி வரும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து கேட்கிறார், பணமும் கொண்டுவந்திருக்கிறார். தொட்டியில் நீர் ஊற்றி எத்தனை வாரம் ஆயிற்று என்று கிராணி அவரை வினவுகிறார்.